பழைய அமெரிக்க மகாகனி நாற்காலியின் வரலாற்றைத் தேடி எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கையில் ஒரு மகாகனி (செம்பழுப்பு நிறக் கடினமரம்) நாற்காலி இருக்கிறது. 1760, 1770களில் அமெரிக்காவில் செய்தது என்று சொல்கிறார்கள். அதை யார், எங்கே, எப்போது செய்தார்கள் என்பது ஒரு கேள்வி. அங்கிருந்து இன்றுவரை யார் யார் கைமாறி வந்தது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கான பதில் பெரும்பாலும் மரத்தில் இருக்கிறது, இரண்டாவதற்கான பதில் காகிதத்தில்.

புதிதாக இறங்குகிறவர்கள் தடுமாறுவது இந்த இரண்டையும் கலக்கும் இடத்தில்தான். "குடும்பம் பாஸ்டன் குடும்பம், அதனால் நாற்காலியும் பாஸ்டன்" என்று தொடங்குவார்கள். கொஞ்ச நேரம் கழித்து "நாற்காலி பாஸ்டன், அதனால் குடும்பக் கதை உண்மை" என்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன, ஆனால் அடியில் தரையே இல்லை. அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் மரம், அப்புறம் காகிதம், கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

1. தொடங்கும் முன்

தடிமனான போர்வை, டார்ச், பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அங்குலமும் மில்லிமீட்டரும் உள்ள டேப், புற ஊதா டார்ச், கேமரா. இரண்டு நோட்டுப் புத்தகம்: ஒன்று மரத்துக்கு, ஒன்று காகிதத்துக்கு.

நாற்காலியைத் துடைக்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், ஆடுகிற மூட்டைப் பசை வைத்து இறுக்காதீர்கள். சட்டத்தின் உள்பக்கத்தில் படிந்த அழுக்கும், காற்றுபட்டுக் கறுத்த நிறமும்தான் உங்கள் சாட்சிகள். ஒரு ஈரத்துணி போதும், அவை போய்விடும்.

குடும்பக் கதை இருந்தால், சொல்கிறவரின் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும் என்பதும் வேண்டும். பிறகு அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். "வாஷிங்டன் உட்கார்ந்தது" என்று மனதில் ஏறிவிட்டால், கண் அதற்குச் சாதகமானதை மட்டும்தான் பார்க்கும்.

2. கவிழ்ப்பதும் இருக்கையைக் கழற்றுவதும்

இருக்கையைச் சுற்றியுள்ள சட்டத்தை இருபுறமும் பிடித்துத் தூக்குங்கள். முதுகின் மேல் சட்டத்தையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. மூட்டுக்கு இருநூறு வயதுக்கு மேல் ஆகிறது.

இருக்கை பெரும்பாலும் தனிச் சட்டமாக, எடுத்து வைக்கும்படி இருக்கும். கீழிருந்து உள்ளங்கையால் மூலைக்கு மூலை மாற்றி மெதுவாக மேலே தள்ளினால் வந்துவிடும். எடுக்கும் முன் எது முன்பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது பிற்காலத்தில் திருகாணி போட்டு முடுக்கியிருந்தால் வற்புறுத்தாதீர்கள். அதுவும் ஒரு குறிப்புதான், எழுதிக்கொள்ளுங்கள். துணியைச் சட்டத்தின் மேலேயே இழுத்து ஆணி அடித்த நாற்காலி என்றால் துணியைப் பிரிக்கும் வேலை உங்களுடையது இல்லை. கீழிருந்து தெரிகிற அளவே போதும்.

3. அடிப்பக்கத்தைப் படிப்பது

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. முகப்பை அழகாகச் செதுக்குவது எந்தக் காலத்திலும் முடியும். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விட்ட பக்கத்தில்தான் அந்தக் காலத்து வேலை அப்படியே கிடக்கும்.

டார்ச்சை மரத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில், கை இழைப்புளி ஓடிய இடம் ஆழமில்லாத பள்ளங்களாக அலை அலையாகத் தெரியும். கை ரம்பத்தின் கோடுகள் நேராக, ஆனால் ஒன்றுக்கொன்று சற்றே சாய்வு மாறி இருக்கும். வில் போல வளைந்த கோடுகள் வட்ட ரம்பத்தின் அடையாளம். அமெரிக்க மர ஆலைகளில் அது பரவியது 19ஆம் நூற்றாண்டில். முரட்டுத்தனமாகத் தெரிகிறதே, பழசாகத்தான் இருக்கும் என்று வளைந்த கோட்டைக் கண்டு பலர் மகிழ்ந்துபோகிறார்கள். அந்தப் பாகம் 1770இல் செய்ததாக இருக்கவே முடியாது.

அடுத்து மூட்டுகள். 18ஆம் நூற்றாண்டு நாற்காலியில் சட்டமும் காலும் துளையும் கழுந்துமாக (துளைக்குள் நுழையும்படி செதுக்கிய முனை) சேரும். உருண்டை மரக்குச்சி வைத்துச் சேர்த்திருந்தால் அது 19ஆம் நூற்றாண்டில் செய்ததாகவோ பிற்காலப் பழுதுபார்ப்பாகவோ இருக்கும். மூலைக் கட்டைகள் வச்சிரப் பசையால் ஒட்டியிருக்கும், சில இடங்களில் அடித்த ஆணியும் இருக்கும். திருகாணி போட்ட குறுக்குக் கட்டை பெரும்பாலும் பின்னால் சேர்த்தது.

திருகாணியை மேலிருந்து மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கூர்முனைத் திருகாணிக்கான இயந்திரக் காப்புரிமை 1846இல் வந்தது. அதற்கு முந்தியவற்றின் முனை மொட்டையாக இருக்கும், தலையின் பிளவு பெரும்பாலும் சரியாக நடுவில் இருக்காது. ஆணியும் அப்படித்தான்: கொல்லர் அடித்தது, 1790களுக்குப் பிறகு தகட்டிலிருந்து வெட்டியது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரவிய கம்பி ஆணி. ஆனால் ஆணி சொல்வது அது அடிக்கப்பட்ட நாளை மட்டும்தான். நாற்காலி பிறந்த நாளை இல்லை.

கழற்றிய இருக்கைச் சட்டத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் சிற்றாணிகள் புதிய துளை விட்டிருக்கும். நூறு வருடம் பழகிய சட்டத்தில் ஓரம் முழுக்கத் துளை நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரே வரிசைத் துளைதான் இருக்கிறதென்றால் அந்தச் சட்டம் புதிது. நாற்காலியே புதிது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

பாதத்தையும் அளந்துவிடுங்கள். இருக்கையின் உயரம் சுமார் 17 அங்குலம் இருப்பது வழக்கம். இரண்டு அங்குலம் குறைந்தால் கால் அறுபட்டிருக்கலாம். உயரம் சரியாக இருந்தும் கணுக்காலைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினால் அறுத்த காலுக்குப் புதுப் பாதம் ஒட்டியிருக்கிறார்கள். புற ஊதா வெளிச்சத்தில் இந்த ஒட்டு சட்டென்று பிடிபடும். ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், வேறு பூச்சு வேறு நிறம் காட்டும்.

நிறம், தேய்மானம் இரண்டையும் கடைசியில் பாருங்கள். அவற்றைப் போலியாக உண்டாக்க முடியும். 1969இல் அர்மண்ட் லாமொன்டேன் என்ற ரோட் ஐலண்ட் சிற்பி, ப்ரூஸ்டர் நாற்காலி என்று சொல்லும், கடைந்த குச்சிகளால் ஆன 17ஆம் நூற்றாண்டு வகை நாற்காலி ஒன்றைப் புதிதாகச் செய்து பழசாக்கி வெளியே விட்டார். அது ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. அது மகாகனி இல்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். மேற்பரப்பு எல்லாரையும் நம்பவைத்தது. எக்ஸ்ரேயில் தெரிந்த துளையின் உள்வடிவம் நவீன டிரில் போட்டது என்று காட்டிக்கொடுத்தது.

4. எண்களும் முத்திரைகளும்

முன் சட்டத்தின் உள்பக்கத்திலோ இருக்கை அமரும் பள்ளத்திலோ உளியால் வெட்டிய ரோமன் எண் இருக்கும். இருக்கைச் சட்டத்திலும் அதே எண் இருக்க வேண்டும். நாற்காலிகள் ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று வரிசையாகச் செய்யப்பட்டவை. இருக்கைகள் ஒன்றுக்கொன்று மாறிவிடாமல் இருக்கத்தான் எண்.

சட்டத்தில் VII, இருக்கையில் IIII என்றால் பயப்பட வேண்டாம். துணி மாற்றக் கழற்றிய நாளில் இருக்கை மாறிப் போயிருக்கும். இதில் உங்களுக்கு லாபமும் உண்டு: அந்த வரிசையில் குறைந்தது ஏழு நாற்காலிகள் இருந்திருக்கின்றன, IIII எண்ணிட்ட நாற்காலி எங்கோ இருக்கலாம், VII எண்ணிட்ட இருக்கை அதில் பொருந்தியிருக்கலாம். நான்கை IV என்று எதிர்பார்க்காதீர்கள், நான்கு கோடு போடுவதே பட்டறை வழக்கம்.

சூட்டுக்கோலால் பதித்த பெயர் இருந்தால் உடனே "செய்தவர் பெயர் கிடைத்துவிட்டது" என்று துள்ளுவார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் நகரில் வீட்டுக்காரர்களே தங்கள் பெயரை நாற்காலி, மேசைகளில் சூடு போட்டு வைத்தார்கள். அடிக்கடி தீப்பிடித்த ஊர். 1802, 1806, 1813 என்று மூன்று பெரிய தீ விபத்துகள். சாமானைத் தெருவில் இழுத்துப் போடும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டுமல்லவா? அதனால் பெயர் கிடைத்தால் முதலில் காகித நோட்டில் எழுதுங்கள். செய்தவர் என்று நிரூபணம் ஆன பிறகு மர நோட்டுக்கு மாற்றலாம்.

5. உள்மரத்தைத் தெரிந்துகொள்வது

மகாகனி ஊரைச் சொல்லாது. அது கப்பலில் வந்த மரம், பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஒரே கடல்வழியாக வந்தது. ஊரைச் சொல்வது பார்வைக்குத் தெரியாத இடத்தில் வைத்த உள்ளூர் மலிவு மரம்: இருக்கைச் சட்டமும் மூலைக் கட்டையும்.

பிலடெல்பியாவில் மஞ்சள் பைன், டியூலிப் மரம், வெள்ளை சீடர் அடிக்கடி கிடைக்கும். பாஸ்டனில் மேப்பிள் சட்டமும் வெள்ளை பைன் கட்டையும். பீச் மரம் வந்தால் நாற்காலி இங்கிலாந்தில் செய்து இறக்குமதியானதோ என்று யோசிக்கத் தொடங்குங்கள்.

கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள். பழைய பைனும் பழைய டியூலிப்பும் கறுத்த பிறகு நல்ல தச்சரையே குழப்பும். தீக்குச்சி முனையளவு துணுக்கை, ஏற்கெனவே சிதைந்த மறைவான ஓரத்திலிருந்து எடுத்து, மர அணுக்களை நுண்ணோக்கியில் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எந்தக் கட்டையிலிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டுவதை மறந்தால் பரிசோதனையே வீண். அந்தக் கட்டை பின்னால் மாற்றியதாக இருந்தாலும் வீண்தான். அதனால்தான் 3ஆம் படி இதற்கு முன்னால் வருகிறது.

6. எந்த ஊர்ப் பட்டறை

இப்போதுதான் பாணியைப் பார்க்கலாம். பிலடெல்பியா நாற்காலியில் பக்கச் சட்டத்தின் கழுந்து பின்காலைத் துளைத்து வெளியே வந்திருக்கும். பின்னால் நின்று பார்த்தால் சின்னச் செவ்வகமாக அதன் முனை தெரியும். பின்கால் நீள்வட்டக் கட்டையாக இருக்கும், கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் பெரும்பாலும் இருக்காது. பாஸ்டனில் மற்ற ஊர்கள் விட்ட பிறகும் அந்தக் குறுக்குச் சட்டத்தை வைத்தார்கள். பறவை நகம் பந்தைக் கவ்வியது போலச் செதுக்கிய பாதத்தில் பக்கத்து விரல்கள் பின்னோக்கி இழுத்தபடி இருக்கும். நியூயார்க் பாதம் சதுரமாக, கனமாக இருக்கும். பின்கால் கீழே குறுகி சின்னச் சதுரப் பாதத்தில் முடியும். ரோட் ஐலண்டின் நியூபோர்ட் நகரத்து உயர்ந்த வேலை சிலவற்றில் நகத்துக்கும் பந்துக்கும் நடுவே வெளிச்சம் புகும்படி குடைந்திருப்பார்கள்.

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து ஊர் சொல்லாதீர்கள். எலிஃபலெட் சாப்பின் என்ற தச்சர் பிலடெல்பியாவில் வேலை பார்த்துவிட்டு, கனெக்டிகட்டின் ஈஸ்ட் வின்ட்சரில் பட்டறை வைத்தார். துளைத்து வெளிவரும் கழுந்தும் அவரோடு போனது. ஆனால் மரம் அந்த ஊர்ச் செர்ரி. கைப்பழக்கம் ஆளோடு நடக்கும், உள்மரம் ஊரிலேயே இருக்கும். இரண்டும் ஒரே ஊரைச் சொன்னால்தான் எழுதலாம்.

7. காலமும் செய்தவர்களும்

காலத்தை நிர்ணயிக்க ஒரு விதி: மாற்றப்படாத பாகங்களில் எது மிகப் பிந்தியதோ, அதற்கு முன்னால் நாற்காலி செய்திருக்க முடியாது. தாமஸ் சிப்பண்டேல் என்ற மரச்சாமான் செய்பவரின் வடிவப் புத்தகம் 1754இல் லண்டனில் வந்தது. அந்த வடிவத்தை அப்படியே பின்பற்றிய முதுகு இருந்தால் அதற்குப் பிறகுதான். எவ்வளவு பிறகு என்பதைப் பாணி சொல்லாது. 1876 பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியை ஒட்டிப் பழைய பாணி நாற்காலிகள் ஏராளமாக மறுபடி செய்யப்பட்டன. அவையும் இன்று பழையவை, அவற்றுக்கும் குடும்பக் கதை சேர்ந்துவிட்டது.

செய்தவர் பெயரை எழுத லேபிள், கையெழுத்து, அல்லது இந்த நாற்காலியோடு சந்தேகமில்லாமல் பொருந்தும் பில் வேண்டும். அது இல்லாமல் செதுக்கு வேலை ஒத்திருக்கிறது என்றால் "செய்ததாகக் கருதப்படுகிறது" என்று மட்டும் எழுதுங்கள்.

ஒரே பெயரோடு நிறுத்திவிடவும் கூடாது. பிலடெல்பியாவின் ஜான் கேட்வாலடர் வீட்டுக்கு 1770 வாக்கில் தாமஸ் அஃப்லெக் என்ற தச்சர் கொடுத்த பில்லில், செதுக்குபவர்களான ரெனால்ட்ஸுக்கும் பெர்னார்ட்-ஜூஜியே பட்டறைக்கும் செதுக்கு வேலைக்கான தொகை தனியாக இருக்கிறது. சட்டம் சேர்த்தவர் ஒருவர், செதுக்கியவர் இன்னொருவர், துணி போட்டவர் மூன்றாமவர். 1772இல் பிலடெல்பியாவில் அச்சான விலைப் புத்தகத்தில் மகாகனிக்கு ஒரு விலை, வால்நட்டுக்கு ஒரு விலை, நகப்பாதத்துக்குக் கூடுதல், கூலி வேலைக்காரருக்கு இவ்வளவு என்று பிரித்தே போட்டிருக்கிறார்கள். உங்கள் நாற்காலியில் எது எது கூடுதல் காசு கொடுத்து வாங்கியது என்று அதை வைத்துப் பார்க்கலாம். முதலில் வாங்கியவரின் வசதி அதில் தெரியும்.

மரம் வெட்டியவர்களையும் எழுதுங்கள். கரீபியத் தீவுகளிலும் ஹோண்டுராஸ் வளைகுடாப் பக்கத்திலும் மகாகனியை வெட்டியவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். உயர்ந்த மரத்தின் உச்சியில் ஏறி, ஆகஸ்டில் நிறம் மாறிய இலையை வைத்து மகாகனி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு திறமைசாலி இருந்தார். அவர் பெயர் கிடைக்காது. அந்த வேலை நடந்தது என்பது தெரியும், அதை எழுதாமல் செய்முறை வரலாறு முழுமையாகாது. எந்தத் தீவு, எந்தக் காடு என்று மட்டும் குறிப்பிடாதீர்கள். நுண்ணோக்கியில் கியூபா மகாகனியையும் ஹோண்டுராஸ் மகாகனியையும் நம்பகமாகப் பிரிக்க முடியாது.

8. உடைமையை இன்றிலிருந்து பின்னோக்கித் தேடுவது

இனி காகித நோட்டு. பழைய பிரபலக் குடும்பத்தில் தொடங்கி இன்றுவரை வர முயன்றால் எந்த நாற்காலியையும் எந்தக் குடும்பத்தோடும் சேர்த்துவிடலாம். இன்று வைத்திருப்பவரிடம் தொடங்குங்கள். அவருக்கு யாரிடமிருந்து, எந்த வருடம், எந்தத் தாள் சாட்சி? அதற்கு முன்னால்? ரசீது, ஏலப் பட்டியல், காப்பீட்டுத் தாள், உயில், நாற்காலி தெரிகிற பழைய புகைப்படம் எல்லாம் உதவும். ரைஃப்ஸ்னைடர் என்ற சேகரிப்பாளரின் சாமான்கள் விற்ற 1929 ஏலம் போன்ற பெரிய விற்பனைகளின் பட்டியல்களில் படமும் முந்தைய உடைமையாளர் குறிப்பும் இருக்கும். படத்தில் உள்ள மரக்கோடும் பழைய விரிசலும் உங்கள் நாற்காலியோடு ஒத்துப்போகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

குடும்பத்துக்குள் போனதும் பெரும்பாலோர் ஆண்வழிக் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். நாற்காலி அப்படிப் போவதில்லை. நிலம் மகனுக்கு, சாமான் மகளுக்கு என்பது அடிக்கடி நடந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் திருமணத்தோடு பெயர் மாறும். கணவர் பெயரில் தேடினால் நாற்காலி திடீரென்று வானத்திலிருந்து விழுந்தது போல இருக்கும். திருமணப் பதிவையும் விதவையின் பங்கையும் முதலில் பாருங்கள்.

மக்கள்தொகைக் கணக்கில் 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். 1850இலிருந்து சுதந்திர மக்கள் எல்லோர் பெயரும் வரும். அடிமைப்படுத்தப்பட்டவர்களின் பெயர் அப்போதும் வராது. 1890 கணக்கு 1921 தீ விபத்தில் சேதமாகி, பிறகு பெரும்பாலும் இல்லாமலே போய்விட்டது, அந்த இடைவெளியை நகர முகவரிப் புத்தகங்களால் நிரப்பலாம்.

தொடர் முறியாமல் வந்தால் எப்படி இருக்கும் என்பதற்குப் பிலடெல்பியா சுதந்திர மண்டபத்தின் உதயசூரியன் நாற்காலியைப் பாருங்கள். ஜான் ஃபோல்வெல் 1779இல் மகாகனியில் செய்தது. 1787 அரசியலமைப்பு மாநாட்டில் வாஷிங்டன் அதில் அமர்ந்தார். மாநில அரசு 1799இல் லான்காஸ்டருக்கும் பிறகு ஹாரிஸ்பர்க்குக்கும் மாறியபோது கூடவே போய், 1867இல் திரும்பி வந்தது. 1776இல் சுதந்திரப் பிரகடனத்தின்போது காங்கிரஸ் தலைவர் ஜான் ஹான்காக் உட்கார்ந்ததும் இதுதான் என்ற பேச்சும் 19ஆம் நூற்றாண்டில் இருந்தது. செய்த வருடம் 1779 என்று தெரிந்ததும் அந்தக் கதை நிற்க முடியவில்லை. மரமும் காகிதமும் தனித்தனியாக இருந்தால் ஒன்றை வைத்து மற்றதை இப்படிச் சோதிக்க முடியும்.

9. இறந்தவர் சொத்துப் பட்டியலைப் படிப்பது

ஒருவர் இறந்ததும் அண்டை வீட்டார் வந்து அறை அறையாகச் சாமானை எழுதி விலை போட்ட பட்டியல்கள் மாவட்டப் பதிவகங்களில் இருக்கின்றன. "6 மகாகனி நாற்காலி" என்று கண்டதும் தேடல் முடிந்தது என்று நினைக்காதீர்கள். வசதியான வீடுகள் பலவற்றில் அந்த வரி இருக்கும். எண்ணிக்கை, அறை, இருக்கைத் துணி, பட்டியலின் வருடம் நான்கையும் உங்கள் மர நோட்டோடு ஒப்பிடுங்கள். உங்கள் நாற்காலியில் VII என்று இருந்தால், ஆறே நாற்காலி உள்ள வீட்டுப் பட்டியல் தனியாக எதையும் நிரூபிக்காது.

விலையை ஊர் தாண்டி ஒப்பிடும் முன் நாணயத்தைச் சரிபாருங்கள். பவுண்ட் என்று எழுதியிருந்தாலும் அது லண்டன் பவுண்ட் இல்லை. ஒரே ஸ்பானிய டாலர் பாஸ்டனில் 6 ஷில்லிங், பிலடெல்பியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ், நியூயார்க்கில் 8 ஷில்லிங். இதைக் கவனிக்காமல் "நியூயார்க் நாற்காலி விலை அதிகம்" என்று எழுதிவிடுகிறார்கள்.

நாற்காலி வரியை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள், பக்கம் முழுவதையும் படம் எடுங்கள். பாஸ்டன், பிலடெல்பியா வீடுகளிலும் அதே பட்டியலில் அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களின் பெயருக்கு எதிரே விலை எழுதியிருப்பது உண்டு. நாற்காலியைத் தினமும் துடைத்து வைத்தவர்கள் அவர்களாக இருக்கலாம். உடைமை வரலாற்றில் அந்தப் பெயர்களையும் சேருங்கள்.

10. எழுதும் முறை

இரண்டு நோட்டையும் இப்போது பக்கத்தில் வையுங்கள். செய்த வரலாற்றையும் உடைமை வரலாற்றையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். உள்ளே வைத்த குடும்பக் கதையை இப்போது எடுத்து, "குடும்ப வழக்கு" என்ற தலைப்பில், சொன்னவரும் தேதியுமாக மூன்றாவது பத்தியாகச் சேருங்கள். பொய் என்று தெரிந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பாகம் பொருந்தவில்லை, ஏன் என்று கீழே எழுதுங்கள்.

உடைமைத் தொடருக்கு அருங்காட்சியகங்கள் பின்பற்றும் ஒரு நிறுத்தக்குறி வழக்கம் இருக்கிறது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நேராகப் போனது உறுதி என்றால் நடுவே அரைப்புள்ளி. இடைவெளி இருந்தால் முற்றுப்புள்ளி. உதாரணமாக: "முதல் உடைமையாளர் தெரியவில்லை. பிலடெல்பியாவில் ஒரு விதவை, 1811 பட்டியல்; அவர் மகள், உயில் வழியாக. நியூயார்க் ஏலம், 1930. இன்றைய உடைமையாளரின் பாட்டி." முற்றுப்புள்ளி உள்ள இடங்களில் இன்னும் தேட வேண்டும் என்று அடுத்து வருகிறவருக்கு உடனே தெரியும். அழகாக இல்லை என்று அந்த இடங்களை "கைமாறி வந்திருக்கலாம்" என்று பூசி மெழுகுகிறவர்கள் அதிகம். அந்த ஒரு வரி அடுத்த பிரதியில் "கைமாறி வந்தது" ஆகிவிடும்.

எழுதி முடித்ததை நாற்காலியில் ஒட்டாதீர்கள். பசை மரத்தைக் கெடுக்கும், தாள் கிழியும். அமிலமில்லாத தாளில் அச்சிட்டு, படங்களோடு ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி நாற்காலி செய்யப்பட்ட ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்கு. ரோட் ஐலண்ட் நாற்காலி என்றால் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடம் நடத்தும் ரோட் ஐலண்ட் மரச்சாமான் ஆவணத் தொகுப்பில் அதே வரிசையின் மற்ற எண்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். IIII எண்ணிட்ட நாற்காலி கிடைத்தால், அதன் முதுகுப் பலகையின் விளிம்பை மெல்லிய தாளில் வரைந்து வாங்கி உங்களுடையதன் மேல் வையுங்கள். கோடு கோட்டோடு பொருந்தினால் இரண்டு கோப்பிலும் மற்றதன் விவரத்தைச் சேருங்கள்.